தங்கவயலில் ஒரு கோடிக் கணக்கு

கோலார் தங்கவயலில் தங்கம் எடுப்பது 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு நின்றுபோயிற்று. விலை பேசுவது மட்டும் நிற்கவில்லை! ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலம் நடக்கும் நாட்களில் இராபர்ட்சன்பேட்டை டீக்கடைகளில் நின்று பாருங்கள். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு ஆளேற்றிச் செல்லும் ரயிலில் உட்கார்ந்து பாருங்கள். "அந்த ஆளுக்குப் பதினாலு கோடியா? இன்னா கணக்கு இது?" என்ற கேள்வி எங்கிருந்தாவது காதில் விழாமல் போகாது.

மாதச் சம்பளத்துக்காக நாளுக்கு இருநூறு கிலோமீட்டர் போய்வருகிறவர்கள், யாரோ ஒரு முதலாளி யாரோ ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றி ஏன் இப்படி மல்லுக்கட்ட வேண்டும்? "ஆனை விலை, குதிரை விலை நமக்கெதற்கு?" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் இந்த வாதத்துக்குள் பணம் மட்டும் இல்லை. நம்மைப் போல் தாய்நிலத்துக்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய செய்தியும் அதில் உண்டு.

ஒரே வீட்டில் இரண்டு கொடி

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் வெட்டத் தொடங்கியபோது வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பேரன், கொள்ளுப்பேரன்கள்தாம் இன்றைய தங்கவயல் தமிழர்கள். வீட்டில் பேசுவது தமிழ், வாழ்வது கர்நாடகம், பிழைப்பு பெங்களூரில். ஆகவே கிரிக்கெட் என்று வந்தால் மனம் இரண்டாகப் பிரிவது இயற்கைதானே! தமிழ்நாடும் கர்நாடகமும் ரஞ்சிக் கோப்பையில் மோதிய காலத்திலிருந்தே இந்த இழுபறி உண்டு. 2014-15 இறுதியாட்டத்தில் கருண் நாயர் 328 ரன் குவித்துத் தமிழ்நாட்டைத் தோற்கடித்தபோது கைதட்டுவதா, கவலைப்படுவதா என்று தெரியாமல் விழித்தவர்கள் நம்மவர்களில் எத்தனையோ பேர்.

2008-இல் ஐ.பி.எல். வந்த பிறகு இழுபறி வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. அப்பா மஞ்சள் சட்டைச் சென்னை. பிள்ளை சிவப்புச் சட்டைப் பெங்களூர். ஆட்டம் நடக்கும் இரண்டு மாதம் ஒரு வாதம் என்றால், ஏலம் முடிந்த பிறகு ஆண்டு முழுவதும் இன்னொரு வாதம். இந்த இரண்டாவது வாதத்தில்தான் சூடு அதிகம்.

விலை என்பது எப்படி வருகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒரே அளவு பணம்தான் அனுமதி. 2008-இல் 50 லட்சம் டாலர். 2014-இல் 60 கோடி ரூபாய். 2022-இல் 90 கோடி. 2025 ஆட்டத்துக்கான ஏலத்தில் 120 கோடி. முன்கூட்டியே தக்கவைத்துக் கொள்ளும் ஆட்டக்காரர்களின் சம்பளமும் இதற்குள் அடக்கம். ஓர் ஆளுக்கு அள்ளிக் கொடுத்தால் மற்ற இருபது பேருக்கு மிச்சம் குறையும். மாதச் சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு மளிகைக்குத் திண்டாடும் குடும்பத்தின் நிலைதான்!

இன்னொன்று. ஒரு பெயர் ஏலத்துக்கு வரும் அந்த நிமிடத்தில், அதே வகை ஆட்டக்காரர் எத்தனை அணிகளுக்குத் தேவை, யார் யார் கையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே விலை ஏறும். ஒருவருக்கு மட்டும் வேண்டுமென்றால் அடிப்படை விலையோடு முடியும். இருவருக்கு வேண்டுமென்றால் விண்ணுக்குப் போகும். யுவராஜ் சிங்கைப் பாருங்கள். 2014-இல் பெங்களூர் அவருக்குக் கொடுத்தது 14 கோடி. அடுத்த ஆண்டே விடுவித்தது. டெல்லி 16 கோடிக்கு எடுத்தது. 2016-இல் ஐதராபாத் 7 கோடிக்கும், 2018-இல் பஞ்சாப் 2 கோடிக்கும், 2019-இல் மும்பை 1 கோடிக்கும் எடுத்தன. விலை என்பது சந்தையின் அன்றைய பசி. ஆளின் தராசு அல்ல.

ஆகவே "எத்தனை கோடி?" என்று கேட்பதைவிட, "கையிருப்பில் எத்தனை பங்கு?" என்று கேட்பதே சரியான கேள்வி. அப்படிக் கேட்டால் வியப்பான விடை வருகிறது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் இலக்னோ அணி ரிஷப் பந்துக்கு 27 கோடி கொடுத்ததும் ஊரே வாயைப் பிளந்தது. 120 கோடியில் அது இருபத்திரண்டரை விழுக்காடு. யுவராஜுக்குக் கொடுத்த 14 கோடியோ, 60 கோடியில் இருபத்துமூன்று விழுக்காட்டுக்கும் மேல்! 2008-இல் சென்னை, தோனிக்கு 15 லட்சம் டாலர் கொடுத்ததே, அது 50 லட்சத்தில் சரியாக முப்பது விழுக்காடு. அந்தக் கணக்கில் இவர்கள் மூவரில் விலை கூடியவர் தோனிதான்.

அன்று சென்னையின் ஏலப் பொறுப்பில் முன்னின்றவர் முன்னாள் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் வி.பி. சந்திரசேகர். மும்பைக்குத் தெண்டுல்கர், பெங்களூருக்கு டிராவிட் என்று சில அணிகளுக்கு 'ஐகான்' ஆட்டக்காரர்கள் ஒதுக்கப்பட்டிருந்தனர். அணியில் அதிக விலைக்கு எடுக்கப்படுபவரைவிடப் பதினைந்து விழுக்காடு கூடுதலாக அவர்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. அந்த அணிகள் தோனிக்கு விலை ஏற்றினால் ஐகானுக்கும் ஏற்ற வேண்டும். சென்னைக்கு ஐகான் கிடையாது. எனவே துணிந்து ஏற்றினார்கள். பார்ப்பதற்கு ஊதாரித்தனம், உள்ளே கணக்கு.

ஜெயித்த வீட்டில் கணக்குக் கேட்பாரில்லை

தங்கவயல் வாதங்களில் பெங்களூர்க் கட்சிக்காரர்கள் எப்போதும் கூண்டில் நிற்பார்கள். குற்றப் பட்டியல் நீளமானது. 2008-இல் டிராவிட், காலிஸ், கும்ப்ளே என்று பெரிய பெயர்களைச் சேர்த்து, டெஸ்ட் அணி போல ஓர் அணியை அமைத்து ஏழாம் இடத்துக்குப் போனது. 2014-இல் 14 கோடி யுவராஜ் 376 ரன் எடுத்தும் அணி மேலே வரவில்லை. 2017-இல் இங்கிலாந்தின் டைமல் மில்ஸுக்கு 12 கோடி. ஆடியது ஐந்து ஆட்டம். 2021-இல் நியூசிலாந்தின் கைல் ஜேமிசனுக்கு 15 கோடி. எடுத்தது ஒன்பது விக்கெட்.

சென்னைக் கட்சிக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக் கணக்கையும் விரித்துப் பார்ப்போமா? 2009-இல் பிளின்டாபுக்கு 15 லட்சத்து 50 ஆயிரம் டாலர். ஆடியது மூன்றே ஆட்டம். 2021-இல் கர்நாடகத்தின் கிருஷ்ணப்பா கௌதமுக்கு 9.25 கோடி, ஓர் ஆட்டத்திலும் இறக்கவில்லை. 2022-இல் தீபக் சாஹருக்கு 14 கோடி. காயத்தால் அந்த ஆண்டு ஆடவே இல்லை. 2023-இல் பென் ஸ்டோக்ஸுக்கு 16.25 கோடி, இரண்டு ஆட்டம், பதினைந்து ரன்!

ஆக, தவறிய கணக்கு இரண்டு வீட்டிலும் உண்டு. ஆனால் 2021-இலும் 2023-இலும் சென்னை கோப்பையை வென்றது. அதனால் கௌதமின் 9.25 கோடியையும் ஸ்டோக்ஸின் 16.25 கோடியையும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. தோற்ற வீட்டில்தான் உடைந்த பாத்திரத்தையும் எண்ணிப் பார்ப்பார்கள்.

உண்மையில் அணிகளைத் தூக்கி நிறுத்தியவை பல சமயம் சின்ன விலைகளே. 2018-இல் "வயதானவர்கள் கூட்டம்" என்று கேலி பேசப்பட்ட சென்னை அணியில் ஷேன் வாட்சன் 4 கோடிக்கு வந்தவர். இறுதியாட்டத்தில் ஆட்டமிழக்காமல் 117 எடுத்தார். அம்பதி ராயுடு 2.2 கோடிக்கு வந்து 602 ரன் எடுத்தார். 2023-இல் ரஹானே 50 லட்சத்துக்கு வந்து பேயாட்டம் ஆடினார். பெங்களூர்ப் பக்கத்திலும் உண்டு. 2011 ஏலத்தில் யாரும் எடுக்காத கிறிஸ் கெயிலை, காயம்பட்ட ஒருவருக்கு மாற்றாகப் பாதியில் அழைத்து வந்தார்கள். அவர் 608 ரன் எடுத்து அந்த ஆண்டின் முதலிடத்தைப் பிடித்தார். விராட் கோலி 2008-இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் பட்டியலிலிருந்து 30 ஆயிரம் டாலருக்கு வந்தவர் என்பதை இன்று யார் நம்புவார்கள்!

2025: தலைகீழான தீர்ப்பு

ஏல நாளில் ரசிகர்கள் வழங்கும் தீர்ப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு ஜெட்டா ஏலத்தைவிட நல்ல பாடம் வேறில்லை. அன்று பெங்களூர் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். உள்ளூர்க்காரரான கே.எல். ராகுலை 14 கோடிக்கு டெல்லியிடம் விட்டார்கள். ஏழு ஆண்டு உழைத்த சிராஜைக் குஜராத்திடம் விட்டார்கள். அதிரடி வில் ஜாக்ஸை மும்பையிடம் விட்டார்கள். பெரிய பெயர் ஒன்றுக்கும் இருபது கோடி கொடுக்கவில்லை. ஹேசல்வுட்டுக்கு 12.5 கோடி, பில் சால்ட்டுக்கு 11.5 கோடி, ஜிதேஷ் சர்மாவுக்கு 11 கோடி, புவனேஷ்வருக்கு 10.75 கோடி, குருணால் பாண்டியாவுக்கு 5.75 கோடி என்று பரவலாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கிரிக்கெட் இயக்குநர் மோ போபட்டையும் பயிற்சியாளர் ஆண்டி பிளவரையும் திட்டாதவர் குறைவு.

அதே நாளில் சென்னை ரசிகர்கள் மகிழ்ச்சிக் கடலில் நீந்தினார்கள். அஸ்வின் 9.75 கோடிக்கு வீடு திரும்பினார். நூர் அகமது 10 கோடி. ஏற்கெனவே 18 கோடிக்குத் தக்கவைத்த ஜடேஜா. சேப்பாக்கத்தில் இந்த மூன்று சுழலையும் யார் தாங்குவார்கள்?

நடந்தது என்ன? நூர் அகமது 24 விக்கெட் எடுத்துத் தம் விலைக்கு நியாயம் செய்தார். ஆனாலும் சென்னை பதினான்கில் நான்கு ஆட்டங்களையே வென்று, வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடத்துக்குப் போயிற்று. பெங்களூரோ 2025 ஜூன் 3-ஆம் தேதி அகமதாபாத்தில் பஞ்சாபை ஆறு ரன்னில் வென்று, பதினெட்டாம் ஆண்டில் முதல் கோப்பையைத் தூக்கியது. இறுதியாட்ட நாயகன், 5.75 கோடி குருணால் பாண்டியா.

அடுத்த ஏலத்தில், அதாவது 2025 டிசம்பரில், சென்னை தன் பழைய வழக்கத்தையே மாற்றிக்கொண்டு, இந்தியாவுக்கு ஆடியிராத இளைஞர்களான பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி கொடுத்தது. டீக்கடைகளில் மறுபடியும் அதே கேள்வி: "பதினாலு கோடியா?"

அமெரிக்காவிலும் இதே கதை

அமெரிக்காவில் இருக்கும் நம் வாசகர்களுக்கு இது புதிதாக இராது. அங்கே பேஸ்பால் அணிகளின் ஜெனரல் மேனேஜர்கள் ரசிகர்களிடம் வாங்கும் வசவு கொஞ்சநஞ்சமல்ல. அங்கே எல்லோருக்கும் பொதுவான உச்சவரம்பு கிடையாது; குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவே. ஒப்பந்தமும் பத்து, பதினைந்து ஆண்டுக்குப் போகும்.

2000 டிசம்பரில் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் அணி அலெக்ஸ் ரோட்ரிகஸுக்குப் பத்தாண்டுக்கு 25 கோடியே 20 லட்சம் டாலர் என்று கையெழுத்திட்டது. அவர் மிக நன்றாகவே ஆடினார். ஆனால் பந்து வீச நல்ல ஆளில்லாமல், அவர் இருந்த மூன்று ஆண்டும் அணி தன் பிரிவில் கடைசி. நியூயார்க் மெட்ஸ் 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்குப் பதினைந்து ஆண்டுக்கு 76 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்தது. 2025-இல் அடுத்த சுற்றுக்கே போகவில்லை. மறுபக்கம், ஷோஹே ஒட்டானிக்கு 70 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்ட லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 2024-இலும் 2025-இலும் கோப்பையை வென்றது. அதில் 68 கோடியைப் பத்தாண்டு கழித்தே கொடுப்பது என்று ஒப்பந்தம். அந்த வசதியால் மற்றவர்களையும் சேர்க்க முடிந்தது. பெரிய விலை தவறு என்பதல்ல பாடம். அந்த ஓர் ஆளைச் சுற்றி மற்றவர்களுக்கும் பணம் மிஞ்சுகிறதா என்பதே கேள்வி.

நம்ம பையன் எங்கே?

தங்கவயல் வாதம் ஒரு கட்டத்தில் பணத்தை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போகும். "சென்னை அணியில் தமிழ்ப் பையன் எத்தனை பேர்? பெங்களூரில் கன்னடப் பையன் எத்தனை பேர்?"

இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. சாய் சுதர்சனைக் குஜராத் 2022-இல் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்தில் கோவை அணி அவருக்கு 21.6 லட்சம் கொடுத்தது, ஐ.பி.எல். சம்பளத்தைவிடக் கூடுதல்! 2025-இல் 759 ரன் எடுத்து நாட்டிலேயே முதல்வரானார். வருண் சக்ரவர்த்தியைப் பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்து, ஒரே ஓர் ஆட்டம் கொடுத்து விடுவித்தது. அவர் கொல்கத்தாவில் நிலைத்து நின்று 12 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். இருவரையும் சென்னை பிடித்திருக்கக் கூடாதா என்று நம்மவர்கள் பெருமூச்சு விடுவது புரிகிறது.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2021-இல் சென்னை கோப்பை வென்றபோது, டெல்லியுடன் நடந்த தகுதியாட்டத்தில் 63 ரன் அடித்துக் கைகொடுத்தவர் குடகு நாட்டு ராபின் உத்தப்பா. பெங்களூர் 2025-இல் வென்றபோது ஆட்டக்காரர்களுக்கு மட்டையடி கற்றுக்கொடுத்தவர் சென்னையின் தினேஷ் கார்த்திக். ஊர்விட்டு ஊர் போய் உழைத்துப் பேரெடுத்தவனை அந்த ஊர் ஏற்றுக்கொள்ளும் என்பதற்குத் தங்கவயலைவிடச் சாட்சி வேண்டுமா? நம் தாத்தாக்கள் பிறந்த ஊர் பார்த்தா சுரங்கத்தில் ஆள் எடுத்தார்கள்?

சுரங்கம் கற்றுக்கொடுத்த கணக்கு

இந்த ஊர்க்காரர்களுக்கு 'விடுவிப்பு' என்ற சொல் விளையாட்டுச் செய்தி மட்டும் அல்ல. எடுக்கும் தங்கத்தின் விலையைவிட எடுக்கும் செலவு கூடிவிட்டது என்று கணக்குக் காட்டி, பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை மூடினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். நிலுவைத் தொகைக்காக நெடுங்காலம் போராடினார்கள். 2001-இல் பத்துக் கிராம் தங்கம் ஐந்தாயிரம் ரூபாய்க்கும் கீழே. 2025-இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. "அன்று மூடியது சரியா?" என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

ஏல வாதத்திலும் இதே முடிச்சுத்தான் இருக்கிறது. ஒரு முடிவை, எடுத்த அன்று கையில் இருந்த தகவலை வைத்து மதிப்பிடுவதா, பின்னால் நடந்ததை வைத்து மதிப்பிடுவதா? தீபக் சாஹருக்குக் காயம் படும் என்று ஏலத்தில் யாருக்கும் தெரியாது, அது துரதிர்ஷ்டம். ஒரே ஆளுக்குக் கால்வாசிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பந்து வீச ஆளில்லாமல் தவிப்பது தவறான கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. ஆட்டக்காரர் விலைபோகாமல் போனால் அடுத்த ஏலம் வரும். கெயிலைப் போல் திரும்பி வரலாம். தங்கவயல் தொழிலாளிக்கு இரண்டாவது ஏலம் வரவில்லை. பெங்களூர் ரயில்தான் வந்தது. அதனால்தான், சிராஜை விட்டுவிட்டார்கள் என்றதும், அவர் வேறு அணியில் 12 கோடிக்கு மேல் வாங்கினார் என்று தெரிந்தும், இந்த ஊர்ப் பெரியவர்கள் "உழைச்சவனை இப்படி விடலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சிராஜுக்காக மட்டும் அல்ல.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

இருபது வயதுப் பையனுக்குப் பதினான்கு கோடி என்று தொலைக்காட்சியில் பார்க்கும் நம் பிள்ளைகள், "படிப்பு எதற்கு?" என்று கேட்கத்தான் செய்வார்கள். திட்டி வாயை அடைப்பதில் பயனில்லை. ஏலத்தையே பாடமாக்குங்கள். 120 கோடியைக் கொடுத்து, காகிதத்தில் ஓர் அணி அமைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் மூன்று நட்சத்திரங்களை வாங்கிவிட்டு, மீதிப் பதினைந்து பேருக்குப் பணமின்றி விழிப்பார்கள். குடும்பம் நடத்துவது எப்படி என்பதை இதைவிட எளிதாக எந்தப் பள்ளியும் சொல்லித் தராது. யுவராஜின் விலை 16 கோடியிலிருந்து 1 கோடிக்கு இறங்கியதையும் காட்டுங்கள். விலை இறங்கிய நாளிலும் அவர் 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன்தான். அந்தப் பெருமையை எந்த ஏலமும் குறைக்கவில்லை.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள். பெங்களூர் கோப்பை வென்ற மறுநாள், 2025 ஜூன் 4-ஆம் தேதி, சின்னசாமி மைதானத்தின் வாயிலில் நெரிசலில் சிக்கிப் பதினோரு பேர் உயிரிழந்தனர். பெரும்பாலும் இளம் வயதினர். அந்த உயிர்களுக்கு எந்தக் கையிருப்பிலிருந்து விலை கொடுக்க முடியும்?

அணி எதுவானாலும் சரி. மஞ்சளோ சிவப்போ, அவரவர் விருப்பம். தமிழர் என்பதால் சென்னைக்குக் கைதட்ட வேண்டும் என்றோ, கர்நாடகத்தில் வாழ்வதால் பெங்களூருக்கே கைதட்ட வேண்டும் என்றோ யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டாம். இரண்டு கொடியையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு, வாதாடி முடித்து, ஒரே தட்டில் முறுக்கு எடுத்துத் தின்னத் தெரிந்தவர்கள் தங்கவயல்காரர்கள். வெளியூரில் வாழும் நாம் அனைவரும் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான்.